பதினேழு வாசல் வைத்த மனிதர் – கேரி கில்டால்



நம்ம பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடக்கும்போது ஒரு கதை அடிக்கடி வரும். அமெரிக்காவில் ஒருத்தர் இருந்தாராம். ஐபிஎம் கம்பெனி பெரிய ஆர்டரோடு அவர் வீட்டு வாசலுக்கே வந்ததாம். அந்த நேரம் பார்த்து அவர் விமானம் ஓட்டப் போய்விட்டாராம். அந்த ஒரு நாளில் கோட்டை விட்டதால் உலகமே பில் கேட்ஸ் கைக்குப் போய்விட்டதாம். ஆகவே மாணவர்களே, கிடைத்த வாய்ப்பை விடாதீர்கள்! கதை இப்படி முடியும். எல்லோரும் சிரிப்போம்.

போன செமஸ்டரில் இந்தக் கதையைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருக்கிறது. நம்ம கல்லூரிக்கு ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்த அன்று நான் வரவில்லை. அப்பா லாரிப் பட்டறையில் வேலை பார்க்கிறார். முந்தின நாள் இரவு ஜாக்கி நழுவிக் கையில் அடி. நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஒரே ஒரு நாளில் எல்லாம் போச்சு என்று அந்த வாரம் முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம்தான் ஒரு கோபம் வந்தது. அந்த விமான மனிதர் யார்? ஒரு நாளைத் தவிர அவர் வாழ்க்கையில் வேறு நாளே இல்லையா? லைப்ரரியிலும் போனிலும் தேடித் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் பெயர் கேரி கில்டால்.

மாலுமிப் பள்ளிக் குடும்பம்

கில்டால் 1942 மே 19-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். துறைமுக ஊர். அவர் குடும்பம் கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பாடம் சொல்லித் தரும் பள்ளி ஒன்றை நடத்தியது. அப்பா கப்பல் கேப்டன். கில்டாலும் அந்தப் பள்ளியில் பாடம் எடுத்தவர்தான். கணக்கு வாத்தியார் ஆக வேண்டும் என்ற எண்ணத்தோடு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்தார். ஆசை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 1963-ல் டாரத்தி மெக்யூவன் என்பவரைத் திருமணம் செய்தார்.

அது வியட்நாம் போர்க் காலம். கடற்படையில் வேலை பார்க்கும் கடமை வந்தது. அவருக்குக் கிடைத்தது, கலிபோர்னியாவில் மாண்டரே என்ற ஊரில் உள்ள கடற்படை மேல்நிலைக் கல்லூரியில் ஆசிரியர் வேலை. நடுவில் சியாட்டில் போய் 1972-ல் டாக்டர் பட்டமும் முடித்தார். ஆராய்ச்சி எதைப் பற்றி? கம்பைலர் ஒரு புரோகிராமை மாற்றித் தரும்போது, வீண் வேலை இல்லாமல் எப்படிச் சிறப்பாக மாற்றுவது என்பதைப் பற்றி. 1973-ல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றைக்கும் கம்பைலர் படிப்பில் அடிப்படைப் பாடம். இதை நினைவில் வையுங்கள். மெஷினுக்குத் தகுந்த மாதிரி வேலையைச் செய்ய வைப்பது எப்படி என்பது அவர் முதலிலிருந்தே யோசித்த விஷயம்.

கொட்டகையில் பிறந்த சிபி/எம்

1971-ல் இன்டெல் கம்பெனி 4004 என்ற முதல் மைக்ரோபிராசசரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்தது வெறும் 2300 டிரான்சிஸ்டர்! கில்டால் ஒன்றை வாங்கிச் சோதனைப் புரோகிராம்கள் எழுதினார். அந்தத் தொடர்பில் இன்டெலுக்கே ஆலோசகர் ஆனார். சிப்புக்கு நேரடியாக மெஷின் கோடு எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று கிட்டில் விரல் வலிக்கக் குத்தின நமக்குத் தெரியும். அந்தக் கஷ்டத்தைக் குறைக்க அவர் பிஎல்/எம் என்ற மொழியை உருவாக்கினார்.

அடுத்த பிரச்சினை சேமிப்பு. அப்போது புரோகிராமைக் காகித நாடாவில் துளை போட்டு வைப்பார்கள். புதிதாக பிளாப்பி டிஸ்க் வந்திருந்தது. ஷுகார்ட் கம்பெனியில் சோதனைக்கு ஓட்டித் தேய்ந்த டிரைவ் ஒன்று கில்டாலுக்குக் கிடைத்தது. ஆனால் அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற கன்ட்ரோலர் கிடையாது. எலக்ட்ரானிக்ஸ் அவருக்குச் சரியாக வரவில்லை. விட்டுவிட்டாரா? இல்லை! ஜான் டொரோடி என்ற நண்பர் போர்டு செய்து கொடுத்தார். 1974-ல், பசிபிக் குரோவ் என்ற சின்ன ஊரில், வீட்டுப் பின்பக்கக் கருவிக் கொட்டகையில் வைத்து அது ஓடியது. டிஸ்கில் பைலை எழுதவும் படிக்கவும் பட்டியல் போடவும் தெரிந்த அந்தச் சின்ன ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் பெயர் சிபி/எம்.

இன்டெலிடம் காட்டினார். அவர்கள் ஆர்வம் காட்டவில்லை. சரி, நாமே விற்போம் என்று அவரும் டாரத்தியும் சேர்ந்து கம்பெனி தொடங்கினார்கள். அதுதான் டிஜிட்டல் ரிசர்ச். ஆரம்பத்தில் தபால் மூலம் 70 டாலருக்கு விற்றார்கள். கணக்கு வழக்கு, வாடிக்கையாளர் எல்லாம் டாரத்தி பொறுப்பு.

பதினேழு வாசல்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி மெஷின் செய்தது. இவர் டிஸ்க் கன்ட்ரோலர் வேறு, அவர் டிஸ்க் கன்ட்ரோலர் வேறு. கீபோர்டு இருக்கும் போர்ட் நம்பர் வேறு. புது மெஷின் வரும்போதெல்லாம் சிபி/எம் முழுவதையும் பிரித்து மேய்ந்து மாற்ற வேண்டியிருந்தது. இம்சாய் கம்பெனிக்காக மாற்றும் வேலை வந்தபோது கில்டாலுக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. அங்கே இருந்த கிளென் யூவிங் என்பவரோடு சேர்ந்து ஒரு காரியம் செய்தார். மெஷினுக்கு மெஷின் மாறுகிற வேலைகளை எல்லாம் பிரித்து ஒரே இடத்தில் வைத்தார். அந்த இடத்துக்குப் பெயர்தான் பயாஸ். நாம் இன்றைக்கும் சொல்லுகிற அதே சொல்!

பயாஸின் தொடக்கத்தில் ஒரு ஜம்ப் டேபிள். சிபி/எம் 2.2-ல் அதில் 17 ஜம்ப் உண்டு. ஒவ்வொன்றும் 3 பைட். முதல் பைட் ஜம்ப் ஆணை, அடுத்த இரண்டு பைட் போக வேண்டிய முகவரி. ஆக மொத்தம் 51 பைட். எழுத்தைத் திரையில் காட்ட ஒரு வாசல், கீபோர்டிலிருந்து எழுத்தை வாங்க ஒரு வாசல், டிராக்கைச் சொல்ல ஒன்று, செக்டாரைப் படிக்க ஒன்று, எழுத ஒன்று. இப்படிப் பதினேழு வாசல். வாசலின் வரிசை எந்த மெஷினிலும் மாறாது. வாசலுக்கு உள்ளே இருக்கிற வீடு மட்டும் மெஷினுக்குத் தகுந்தபடி மாறும்.

சாதாரணப் புரோகிராமுக்கு இந்தக் கவலைகூடக் கிடையாது. வேண்டிய வேலையின் எண்ணை சி ரெஜிஸ்டரில் வைத்து 0005 என்ற முகவரியைக் கூப்பிட்டால் போதும். 9 என்று வைத்தால், டிஇ ரெஜிஸ்டர் காட்டுகிற எழுத்துச் சரம் டாலர் குறி வரும்வரை திரையில் ஓடும். அது டெலிடைப்பா, டிவித் திரையா என்று புரோகிராமுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

பலன் என்ன? 1981 வாக்கில் சிபி/எம் ஏறக்குறைய 3000 வகைக் கம்ப்யூட்டர்களில் ஓடியது. அந்த ஆண்டு கம்பெனியின் வருமானம் 54 லட்சம் டாலர். எல்லாவற்றுக்கும் அடியில் அந்த 51 பைட்!

8080-ஆ, இசட்80-ஆ?

இதே யோசனையை அந்தக் காலப் புரோகிராமர்கள் பிராசசர் விஷயத்திலும் பயன்படுத்தினார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சிபி/எம் எழுதப்பட்டது இன்டெல் 8080-க்கு. 1976-ல் சைலாக் கம்பெனியின் இசட்80 வந்தது. 8080-யின் ஆணைகள் எல்லாம் அதற்குத் தெரியும். கூடுதலாகப் பல ஆணைகளும் தெரியும். அதில் ஒன்று எல்டிஐஆர். ஒரு இடத்தில் இருக்கும் பைட்களை இன்னொரு இடத்துக்கு நகலெடுக்கிற வேலையை அந்த ஒரே ஆணை செய்து முடிக்கும்.

நம்ம லேபில் பிளாக் டிரான்ஸ்பர் என்று ஒரு எக்ஸ்பெரிமென்ட் செய்கிறோம் அல்லவா? ஒரு பைட்டை எடு, அங்கே வை, இரண்டு முகவரியையும் ஒன்று கூட்டு, எண்ணிக்கையில் ஒன்று குறை, பூஜ்யமா என்று பார், இல்லையென்றால் திரும்பப் போ. இந்தச் சுற்றை இசட்80-ல் ஓட்டினால் ஒரு பைட்டுக்கு 50 டி-ஸ்டேட் ஆகும். எல்டிஐஆர் போட்டால் 21 தான்! 4 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 1000 பைட் நகலெடுக்க முதல் வழியில் 12.5 மில்லி செகண்ட். இரண்டாவது வழியில் சுமார் 5.25 மில்லி செகண்ட். பாதிக்கும் குறைவு.

அப்படியானால் எல்லாரும் எல்டிஐஆர் போட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். 8080-க்கு அந்த ஆணை தெரியாது. வேறு எதையோ செய்யப் போய் புரோகிராம் எங்கோ போய் விழும். நம்ம டிஸ்கை வாங்குகிறவர் வீட்டில் இருப்பது 8080-ஆ, இசட்80-ஆ? எழுதும்போது தெரியாது. ஓடும்போதுதான் தெரியும்.

அதற்கு ஒரு சின்ன சோதனை உண்டு. அக்யுமுலேட்டரை அதிலிருந்தே கழி. விடை பூஜ்யம். பூஜ்யத்தில் 1 என்ற பிட் ஒன்றுமே இல்லை, ஆகவே இரட்டைப்படை. 8080-ல் பாரிட்டி கொடி 1 ஆகும். இசட்80-லோ கழித்தலுக்குப் பிறகு அதே கொடி பாரிட்டியைக் காட்டாது, ஓவர்புளோ நடந்ததா என்று காட்டும். ஓவர்புளோ நடக்கவில்லை, ஆகவே 0. அவ்வளவுதான்! ஒரே ஒரு கழித்தல், பிராசசர் தன் பெயரைத் தானே சொல்லிவிடுகிறது. நம்ம லேபின் பழைய 8085 கிட்டில் நானே செய்து பார்த்தேன். 8085-ம் இந்த விஷயத்தில் 8080 மாதிரிதான். கொடி ரெஜிஸ்டரில் பி இருக்கும் இடத்தில் 1 நின்றதைப் பார்த்து லேபிலேயே கை தட்டிவிட்டேன்!

சில புரோகிராம்கள் இந்தச் சோதனையைச் செய்து, இசட்80 இல்லை என்றால் ஓடமாட்டேன் என்று செய்தி போட்டு நின்றுவிடும். நல்ல புரோகிராமர் அப்படி விடமாட்டார். இரண்டு நகல் ரொட்டீனையும் உள்ளே வைப்பார். புரோகிராம் தொடங்கும்போது ஒரே ஒரு முறை சோதிப்பார். எது சரியோ அதன் முகவரியை ஒரு ஜம்ப் ஆணையின் இரண்டு பைட்டில் எழுதிவிடுவார். அப்புறம் புரோகிராம் முழுக்க அந்த ஒரே வாசல் வழியாகப் போகும். ஒவ்வொரு முறையும் கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். உருவத்தில் பாருங்கள், கில்டால் வைத்த பதினேழு வாசல் மாதிரியே பதினெட்டாவது வாசல்!

எங்க அப்பா செய்வதும் இதுதான். ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்று இருந்தால் எந்த போல்ட்டையும் திருகலாம். ஆனால் நேரம் ஆகும், போல்ட் தலையும் மழுங்கும். அதனால் வண்டி பட்டறைக்குள் நுழைந்ததும் ஒரு தடவை பார்ப்பார். இந்த வண்டிக்கு எந்த ரிங் ஸ்பேனர் செட் என்று எடுத்துத் தரையில் பரப்பிவிடுவார். அப்புறம் கை தானாகப் போகும். எதுவும் பொருந்தாத போல்ட்டுக்குத்தான் ஸ்க்ரூ ஸ்பேனர்.

அந்த ஒரு நாள்

1980 ஆகஸ்டில் ஐபிஎம் ஆட்கள் பசிபிக் குரோவ் வந்தார்கள். கில்டால் அன்று காலை தன் விமானத்தில் போனது உண்மை. ஆனால் விளையாட்டுக்குப் போகவில்லை. ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கத் தொழில் வேலையாகப் போனார். ஐபிஎம் நீட்டிய ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் டாரத்தி உடனே கையெழுத்துப் போடத் தயங்கினார். பிற்பகல் கில்டால் திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததை அங்கே இருந்தவர்களே ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி நினைவு கூர்கிறார்கள். பேரம் மட்டும் முடியவில்லை.

மைக்ரோசாப்ட், சியாட்டிலில் டிம் பேட்டர்சன் எழுதியிருந்த ஒரு சிஸ்டத்தை வாங்கி ஐபிஎம்முக்குக் கொடுத்தது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வெளிவந்தது. அந்த டாஸில் வேலைகளைக் கூப்பிடும் முறை சிபி/எம் முறையைப் பின்பற்றியது. 9 என்றால் டாலர் குறி வரும்வரை எழுத்தைக் காட்டு. அதே எண், அதே குறி! கில்டால் கோபப்பட்டார். ஐபிஎம் அவருடைய சிபி/எம்-86-ஐயும் சேர்த்து விற்க ஒப்புக்கொண்டது. கடையில் விலை வந்தது. டாஸ் 40 டாலர். சிபி/எம்-86, 240 டாலர். யார் எதை வாங்குவார்கள் என்று சொல்ல வேண்டுமா?

ஆகவே நண்பர்களே, தோல்வி ஒரு நாளில் நடக்கவில்லை. ஒப்பந்தம், விலை, காலம் என்று பல சேர்ந்து நடந்தது. விமானக் கதை சொல்வதற்குச் சுலபம், அதனால் நிலைத்துவிட்டது.

அவரும் அந்த நாளோடு உட்கார்ந்துவிடவில்லை. 1983 முதல் 1990 வரை கம்ப்யூட்டர் க்ரானிக்கிள்ஸ் என்ற டிவி நிகழ்ச்சியை ஸ்டூவர்ட் சீஃபே என்பவரோடு சேர்ந்து நடத்தினார். போட்டிக் கம்பெனிகளின் பொருளையும் பொறுமையாகக் கேட்டு விளக்கினார். வாத்தியார் ஆக ஆசைப்பட்டவர் அல்லவா! 1985-ல் ஒரு முழுக் கலைக்களஞ்சியத்தை சிடிராமில் கொண்டுவரும் வேலையில் அவர் கம்பெனி இருந்தது. 1991-ல் டிஜிட்டல் ரிசர்ச்சை நோவெல் வாங்கியது. கடைசி வருடங்கள் அவருக்கு நன்றாக இல்லை. டாரத்தியோடு பிரிவு ஏற்கெனவே நடந்திருந்தது. தோற்றவர் என்ற அந்தக் கதை எங்கே போனாலும் பின்னால் வந்தது. 1994 ஜூலையில் மாண்டரேயில் தலையில் பட்ட அடியால், 11-ஆம் தேதி இறந்தார். வயது 52.

2014-ல் பசிபிக் குரோவில் அவருடைய கம்பெனி இருந்த பழைய வீட்டின் முன் ஐஇஇஇ ஒரு நினைவுப் பலகை வைத்தது.

இன்றைக்கும் திறக்கிற வாசல்

நாம் சி மொழியில் மெம்காபி என்று எழுதுகிறோம். ஒரே பெயர். ஆனால் லினக்ஸ் கம்ப்யூட்டரில் சி லைப்ரரிக்குள் அந்தப் பெயருக்குப் பல ரொட்டீன்கள் இருக்கின்றன. 16 பைட் ரெஜிஸ்டர் உள்ள பிராசசருக்கு ஒன்று, 32 பைட்டுக்கு ஒன்று, 64 பைட்டுக்கு ஒன்று. புரோகிராம் ஓடத் தொடங்கும்போது லைப்ரரி சிபியுஐடி என்ற ஆணையால் பிராசசரிடம் உனக்கு என்னென்ன தெரியும் என்று கேட்கிறது. 1993-ல் வந்த பென்டியம் காலத்து ஆணை அது. இப்போது கொடியை வைத்து ஊகிக்க வேண்டியதில்லை. பதில் வந்ததும் சரியான ரொட்டீனின் முகவரி ஒரு டேபிளில் எழுதப்படுகிறது. அப்புறம் எல்லாம் அந்த வாசல் வழிதான்.

ஆனால் வாசலுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. 2010-ல் சில பிராசசர்களுக்கு மட்டும், கடைசியிலிருந்து முதலுக்கு நகலெடுக்கும் வேகமான மெம்காபி வந்தது. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன் மேல் ஒன்று படிந்தால் மெம்மூவ் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. விதியை மீறியும் அதுவரை தப்பித்து வந்த புரோகிராம்கள் திடீரென்று மாட்டிக்கொண்டன. சில கம்ப்யூட்டர்களில் மட்டும் பாட்டுச் சத்தம் கரகரத்தது! வாசலுக்கு உள்ளே வீடு எப்படி வேண்டுமானாலும் மாறலாம். வாசலில் எழுதிய விதியை இரண்டு பக்கமும் காப்பாற்ற வேண்டும்.

இதெல்லாம் கில்டால் ஒருவரே கண்டுபிடித்தது என்று நான் சொல்லவில்லை. சிபி/எம்மில் அவர் நகல் வேகத்துக்காக வாசல் வைக்கவில்லை, மெஷின் வித்தியாசத்துக்காக வைத்தார். ஆனால் மாறுவதையும் மாறாததையும் பிரி, மாறுவதை ஒரே இடத்தில் வை, எது என்பதை ஒரு முறை பார்த்து முடிவு செய் என்ற வழியைச் சின்னக் கம்ப்யூட்டர் உலகத்தில் ஆயிரக்கணக்கான மெஷின்களில் ஓட்டிக் காட்டியவர் அவர். பேரத்தில் தோற்றவரின் வழிதான் இன்றைக்கும் ஓடுகிறது.

அப்பா கை இப்போது பரவாயில்லை. பட்டறைக்குப் போகிறார். அடுத்த கம்பெனி எப்போது வரும் என்று தெரியாது. வரும்போது நான் இருப்பேன். அன்றைக்கும் ஏதாவது தடை வந்தால்? ஒரு நாள் போகும், அவ்வளவுதான். வகுப்பில் யாராவது அந்த விமானக் கதையை மறுபடி சொன்னால், எழுந்து நின்று மீதிக் கதையைச் சொல்லப் போகிறேன். படித்த நீங்களும் சொல்லுங்கள் நண்பர்களே!

– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்